கடல் தாண்டிய பணிக்குழுவும் 1746-இன் சென்னையும்: சில அனுபவப் பகிர்வுகள்

பகிர்வு 1 (சென்னையிலிருந்து)

மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில், வெளிநாட்டுப் பணிக்குழுவின் பொறுப்பாளனாக ஆறு ஆண்டுகள் இருந்தேன். நான் சென்னையில், குழு துபாயில். அங்கே விற்பனைக்கு ஒருவரும் பராமரிப்புக்கு ஒருவருமாக இரண்டு தலைவர்கள். இருவருடைய நியமனக் கடிதங்களையும் எழுதியவன் நான்தான். ஒருவருக்கு ‘வாடிக்கையாளர் தொடர்பான முழுப் பொறுப்பு’ என்றும், மற்றவருக்கு ‘பணியிடத்தில் முழுப் பொறுப்பு’ என்றும் எழுதியபோது அவை ஒன்றோடொன்று மோதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மருத்துவமனையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவிருந்த வாரத்தில், எந்தப் பழுதையும் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்து தருவோம் என்று விற்பனைத் தலைவர் வாக்குக் கொடுத்தார். இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு அது நடக்காது என்று பராமரிப்புத் தலைவர் அதே மருத்துவமனையின் இன்னொரு அதிகாரியிடம் சொல்லிவிட்டார். பிறகு இருவரும் தத்தம் நியமனக் கடிதத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள். இரண்டின் அடியிலும் என் கையொப்பம் இருந்தது.

அன்றிரவு எனக்கு லபூர்தொனேயின் நினைவு வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது பாடநூலில் ஒரு வரியாக முடிந்துவிடும். பிடித்த பிறகு நடந்ததுதான் வெளிநாட்டுக் குழுவை நடத்துபவர்கள் படிக்க வேண்டிய பகுதி. கப்பற்படையுடன் வந்த லபூர்தொனே, மொரீஷியஸ் தீவின் ஆளுநர். கடலில் தலைமை அவருடையது. புதுச்சேரியில் ஆளுநராக இருந்த துய்ப்ளேவுக்கு இந்திய மண்ணில் பிரெஞ்சுக் கம்பெனியின் அதிகாரம் இருந்தது. கடலிலிருந்து வந்து கரையில் பிடித்த ஒரு கோட்டை யாருடைய அதிகாரத்துக்குள் வரும் என்பதைப் பாரிஸில் எவரும் எழுதி வைக்கவில்லை.

லபூர்தொனேயிடம் 1741-ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருந்தது. எதிரியின் எந்தக் குடியிருப்பையும் தக்கவைத்துக்கொள்ளும் நோக்கில் கைப்பற்றக் கூடாது என்பது அதன் சாரம். ஆகவே 11 லட்சம் வராகன் (அக்காலப் பொன் நாணயம்) மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருக்கு அவர் வாக்களித்தார். துய்ப்ளேவோ, சென்னையைப் பிடித்தால் அதை ஒப்படைத்துவிடுவதாக ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் முன்பே சொல்லியிருந்தார். ஓர் ஊர், இரண்டு வாக்குறுதிகள், இரண்டு வெவ்வேறு தரப்புகள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரவே ஆறு முதல் எட்டு மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க அக்டோபர் மாதத்துப் புயல் இடம் தரவில்லை; கப்பல்கள் சேதமடைந்து லபூர்தொனே புறப்பட்டுப் போனார், துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தைத் தூக்கியெறிந்தார். நாடு திரும்பிய லபூர்தொனேயைப் பஸ்தீல் சிறையில் அடைத்தார்கள். 1751-இல் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது அவர் உடல் நலிந்திருந்தது. இரண்டே ஆண்டுகளில் காலமானார். துய்ப்ளே அவ்வளவு பாடுபட்டுத் தக்கவைத்துக்கொண்ட சென்னையை, 1748-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவில் இருந்த லூயிபூர் கோட்டைக்கு ஈடாகப் பாரிஸே ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இருவரில் யார் பெரிய மனிதர், யார் பொறாமைக்காரர் என்ற பட்டிமன்றம் இன்றும் நடக்கிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை. இருவருக்கும் அதிகாரம் தந்து பாரிஸில் கையெழுத்திட்ட அமைச்சரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பதே என் கேள்வி, ஏனென்றால் துபாய் விவகாரத்தில் அந்த அமைச்சரின் நாற்காலியில் அமர்ந்திருந்தவன் நான். மறுநாள் இரண்டு தலைவர்களையும் ஒரே அழைப்பில் சேர்த்து, தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். நேரக்கெடு குறித்த எந்த வாக்கும் பராமரிப்புத் தலைவரின் ஒப்புதலுக்குப் பின்பே வெளியே போக வேண்டும் என்றும், விலை குறித்த வாக்கு அப்படியல்ல என்றும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப் பக்கத்தை முதல் நாளே எழுதியிருந்தால் அந்த மருத்துவமனை ஒப்பந்தம் கைவிட்டுப் போயிருக்காது.

பகிர்வு 2 (சிங்கப்பூரிலிருந்து)

மேலே எழுதிய ஐயாவின் சிக்கல் அதிகாரம் இருவருக்கு இருந்தது; என் சிக்கல் ஒருவருக்கும் இல்லாமல் போனது. மதுரையில் உள்ள ஒரு கணக்குக் குழுவை இங்கிருந்து நடத்துகிறேன். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் என்பதால், எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கேளுங்கள் என்று தொடக்கத்தில் சொல்லி வைத்தேன். அவர்களும் கேட்டார்கள். பேனா வாங்கிய ரசீதை எந்தத் தலைப்பில் பதிவது என்பது வரை கேட்டார்கள். நான் விடுப்பில் இருந்த ஒரு வாரம் அங்கே எதுவுமே நகரவில்லை.

உரோமப் பேரரசர் திராயானுக்கும், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா மாகாணத்தை ஆண்ட இளைய பிளினிக்கும் இடையே கி.பி. 110-ஐ ஒட்டி நடந்த கடிதப் போக்குவரத்தை அதன் பின்னர்தான் படித்தேன். பிளினி நேர்மையான மனிதர், ஆனால் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். கட்டுமானக் கணக்கைச் சரிபார்க்க நில அளவையாளர் ஒருவரை அனுப்பச் சொல்லி அவர் எழுதினால், உரோமில் நடக்கும் பணிகளுக்கே அளவையாளர் போதவில்லை, நம்பத் தகுந்தவர்கள் எல்லா மாகாணத்திலும் இருக்கிறார்கள் என்று பேரரசர் பதில் எழுதுகிறார். நைசியாவில் ஏராளமான பணத்தை விழுங்கிய நாடக அரங்கம் ஒன்று பாதியில் நின்று, சுவர் வெடித்துக் கிடந்தது. இடித்துவிடலாமா, தொடர்ந்து கட்டலாமா என்று பிளினி கேட்டதற்கு, அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள், ஆராய்ந்து முடிவு செய்ய உங்களால்தான் முடியும் என்ற பொருளில் திராயான் விடை தந்தார். கட்டடக் கலைஞரை உரோமிலிருந்து அனுப்பக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் லேசான கிண்டலும் உண்டு: எங்களுக்கே அவர்கள் கிரேக்கத்திலிருந்துதானே வருகிறார்கள்!

ஆனால் எல்லா முடிவையும் அவர் பிளினியிடமே விட்டுவிடவில்லை. நிகோமீடியாவில் பெருந்தீ பரவியபோது ஒரு வாளிகூட இல்லாமல் மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்றும், 150 பேர் கொண்ட தீயணைப்புச் சங்கம் அமைக்கலாமா என்றும் பிளினி எழுதினார். அதைத் திராயான் மறுத்தார். அந்தப் பகுதியில் எந்தப் பெயரில் சங்கம் வைத்தாலும் அது விரைவில் அரசியல் கும்பலாகிவிடும், கருவிகளை வாங்கி வைத்து வீட்டுக்காரர்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள் என்றார். பாதுகாப்புக்கு இது சரியான முடிவா என்று எனக்கு ஐயம்தான். இருந்தாலும் எதைத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை, மறுத்ததற்குக் காரணத்தையும் எழுதினார். அன்றிலிருந்து மதுரைக்கு நான் அனுப்பும் பதில்களில், ‘இது உங்கள் முடிவு’ அல்லது ‘இது என் முடிவு, காரணம் இது’ என்ற இரண்டில் ஒன்று முதல் வரியாக இருக்கும். முதல் மாதம் அவர்கள் என்னைக் கோபக்காரி என்று நினைத்துவிட்டார்கள்.

பகிர்வு 3 (புதுச்சேரியிலிருந்து)

துய்ப்ளேவைப் பற்றிப் பேசும் இடத்தில் அவருடைய துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும்) ஆனந்தரங்கப் பிள்ளையை விட்டுவிடக் கூடாது. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, சரக்கின் விலை, ஆளுநர் மாளிகைப் பேச்சு, கடைத்தெரு வதந்தி என்று எல்லாம் உண்டு. துய்ப்ளே தம் திட்டங்களையும் சறுக்கல்களையும் பாரிஸுக்கு முழுமையாகச் சொல்லாமலே வந்தார்; 1754 ஆகஸ்டில் அவருக்குப் பதிலாகப் பாரிஸ் அனுப்பிய கொதே என்பவர் கப்பலில் வந்து இறங்கியபோது ஆட்டம் முடிந்தது. இத்தனைக்கும் ஊரில் என்ன நடக்கிறது என்பதை நாள்தோறும் எழுதிய ஒருவர் அதே ஊரில் இருந்தார். பாரிஸில் இருந்தவர்களுக்கு அது வாசிக்கத் தெரியாத எழுத்து.

பிள்ளை நடுநிலையானவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வணிகர், அவருக்கென்று லாபக் கணக்கு இருந்தது, துய்ப்ளேவின் மனைவி மீது தீராத மனக்குறையும் இருந்தது. உள்ளூர்க்காரர் சொல்வதை அதையும் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

கென்யாவில் உள்ள எங்கள் கிடங்குக் குழுவின் மாதாந்தர அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சையாகவே, அதாவது குறையில்லை என்றே, வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அங்கே ரசீது எழுதும் பெண்மணியிடம், வாரத்துக்கு ஒரு பக்கம், தாம் கண்டதைச் சுவாகிலியிலேயே எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். அதை இங்கே மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தேன். குழுத் தலைவருக்கும் இதைத் தெரிவித்தேன், ஒளித்துச் செய்தால் அது உளவாகிவிடும். முதல் பக்கத்தின் பாதி, அந்த வாரம் வெங்காயம் விற்ற விலையைப் பற்றியது. கடைசி இரண்டு வரிகளில், மழை பெய்தால் கிடங்கின் மேற்குச் சுவரோரம் பெட்டிகளை அடுக்குவதில்லை, ஏனென்றால் மூன்று மாதங்களாகக் கூரை ஒழுகுகிறது என்று எழுதியிருந்தார்.