புதுப்பிப்பு: போர்ப் பகுதியில் கணவர், அமெரிக்காவில் மனைவி – வருமான வரிக் கெடு

என் கணவர் அமெரிக்க இராணுவப் பணியில் குவைத்தில் இருக்கும்போது ஏப்ரல் 15 கெடு எனக்கும் நீளுமா, இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும் கூட்டுப் படிவத்தில் அவருக்காக நான் கையெழுத்திடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. படிவம் ஏற்கப்பட்டுவிட்டது.

கெடு தானாகவே நீள்கிறது. கூடுதல் அவகாசம் கேட்கும் 4868 படிவம் தேவைப்படவில்லை. போர்ப் பகுதியை விட்டு வெளியேறிய நாளிலிருந்து 180 நாள்களும், உள்ளே சென்றபோது தாக்கல் செய்ய ஏப்ரல் 15 வரை மீதமிருந்த நாள்களும் சேரும். ஜனவரிக்கு முன்பே சென்றவருக்கு, லீப் ஆண்டு அல்லாத ஆண்டில், அந்த மீதம் 105 நாள்கள். ஆக மொத்தம் 285. தனியாகத் தாக்கல் செய்தாலும் மனைவிக்கு இதே சலுகை உண்டு. இக்காலத்துக்கு வட்டியோ அபராதமோ இல்லை.

கையெழுத்து விஷயத்தில் கைகொடுத்தது, முன்னாள் படைவீரர் ஒருவர் இங்கே சொன்ன வழிதான். அதிகாரப் பத்திரம் இல்லாவிட்டாலும், கணவர் போர்ப் பகுதியில் பணியாற்றுகிறார் என்று விளக்கி நான் கையெழுத்திட்ட ஒரு தாளைப் படிவத்துடன் இணைத்தால் போதும் என்றார், அப்படியே செய்தேன். இடையில் வரி அறிவிப்பு ஏதும் வந்தால், அதன் மேற்பகுதியில் சிவப்பு மையில் ‘காம்பாட் ஸோன்’ என்றும் பணிக்குச் சென்ற தேதியையும் ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். உறையின்மேலும் அச்சொற்களை எழுத வேண்டும்.

நான் எதிர்பாராதது: ஐஆர்ஏ ஓய்வூதியக் கணக்கில் பணம் செலுத்தும் கெடுவும் இதே விதிப்படி நீண்டது. மாநில வரிக்கு விதி தனி. அதை மாநில வரித் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.