127 பல் வேண்டும், 113 பல் வந்திருக்கிறது: டிபரன்ஷியல் இன்டெக்ஸிங்கில் எங்கே தவறினேன்?

கணபதி லேத் பட்டறை எழுதியது:

வணக்கம். கோவை கணபதியில் இரண்டு லேத்தும் ஒரு யுனிவர்சல் மில்லிங் மெஷினும் வைத்துச் சிறு பட்டறை நடத்தி வருகிறேன். பெரிய லேத்தின் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது கருவியை நகர்த்தும் திருகுத் தண்டு) அங்குலத்துக்கு 4 மரை கொண்டது. ஆனால் இப்போது வரும் வேலைகளில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் மரையாக இருக்கின்றன. 2 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) வெட்ட வேண்டுமென்றால் ஸ்பிண்டிலுக்கும் (வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டு) லீட் ஸ்குரூவுக்கும் இடையே 40/127 என்ற விகிதம் தேவைப்படுகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் அதை ஐந்தால் பெருக்கினால்தான் முழு எண் கிடைக்கிறது. அந்த 127 பகா எண்ணாக இருப்பதால் சிறிய சக்கரங்களாகப் பிரித்து மாட்டவும் வழியில்லை. லேத்தோடு வந்த கியர் செட்டில் 127 பல் சக்கரம் இல்லை. பழைய சாமான் கடைகளிலும் தேடிப் பார்த்துவிட்டு, நானே வெட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் உள்ள டிவைடிங் ஹெட் (வட்டத்தைச் சம பங்குகளாகப் பிரித்துத் திருப்பும் கருவி) வழக்கமான 40:1 வகையைச் சேர்ந்தது, அதாவது கிராங்க் என்ற கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் ஹெட்டின் ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றும். மூன்று இன்டெக்ஸ் பிளேட்டுகளும் (வட்ட வட்டமாகத் துளையிட்ட தட்டுகள்; கிராங்கின் பின் இந்தத் துளைகளில் நுழைந்து நிற்கும்) சேஞ்ச் கியர்களும் (மாற்றி மாட்டும் பல் சக்கரங்கள்) உண்டு. பெரிய துளை வட்டம் 49. 127 துளை வட்டம் இல்லாததால் பிளேட்டை அசைக்காமல் துளை எண்ணிச் சுற்றும் சிம்பிள் இன்டெக்ஸிங் நடக்காது என்பது தெரிந்து, ஸ்பிண்டிலோடு கியரால் இணைத்துப் பிளேட்டையும் சுழலவிடும் டிபரன்ஷியல் முறைக்குப் போனேன். 120 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன்: 40/120, அதாவது ஒவ்வொரு பல்லுக்கும் கிராங்க் மூன்றில் ஒரு சுற்று. சேஞ்ச் கியருக்கு (120 − 127) × 40/120 = −7/3, அதாவது ஹெட்டின் ஸ்பிண்டிலில் 56 பல், பிளேட் பக்கம் 24 பல். பிளேட்டின் பின்புறப் பூட்டுப் பின்னை விடுவித்து, நடுவில் ஓர் ஐட்லர் (இடைச் சக்கரம்) போட்டு, 39 துளை வட்டத்தில் 13 இடைவெளி வைத்து, நல்ல வார்ப்பிரும்பு பிளாங்கில் (இன்னும் பல் வெட்டாத வட்டு) கை வைப்பதற்கு முன் நைலான் வட்டில் அரை மி.மீ. ஆழத்தில் சுற்றிலும் கோடு போட்டுப் பார்த்தேன்.

கடைசிக் கோடு முதல் கோட்டின் மேல் மிகச் சரியாக வந்து உட்கார்ந்தது. மகிழ்ச்சியோடு எண்ணினால் 113. பேனாவால் புள்ளி வைத்து மூன்று முறை எண்ணிவிட்டேன், 113தான். எண்ணிக்கையில் கை தவறியிருந்தால் கடைசியில் அரைப் பல் ஒன்று மீந்திருக்க வேண்டும் அல்லவா? எதுவும் மீதமில்லாமல் எப்படி வேறோர் எண்ணில் போய் முடிந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

தம்பி, நீங்கள் தவறாக எண்ணவில்லை, கணக்கிலும் தவறு இல்லை. 120இலிருந்து 7 கூட்டிப் போக வேண்டிய சக்கரம் 7 கழித்துப் போயிருக்கிறது; 120 − 7 = 113. நீங்கள் போட்ட விடையில் 7/3க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்ததே, அந்தக் குறியை மெஷினில் மாட்ட மறந்துவிட்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

நடப்பதைக் கையால் நினைத்துப் பாருங்கள். பிளேட் அசையாமல் இருந்தால் மூன்றில் ஒரு சுற்றாக 120 முறை கிராங்கைச் சுற்றியதும் ஸ்பிண்டில் ஒரு முழுச் சுற்று முடிக்கும். உங்களுக்கு வேண்டியது 127 முறை. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் கிராங்க் உண்மையில் நகரும் தூரம் மூன்றில் ஒரு சுற்றை விடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் கிராங்கைச் சுற்றச் சுற்ற, பிளேட் எதிர்த்திசையில் வந்து அடுத்த துளையைக் கொஞ்சம் முன்னதாகவே கிராங்கின் பின்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறது. ஸ்பிண்டில் ஒரு சுற்று முடிப்பதற்குள் பிளேட் இரண்டே மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் வந்திருக்கும். 127 × 1/3 = 42 1/3; அதில் அந்த 2 1/3 போக மீதி 40. உங்கள் அமைப்பில் பிளேட் கிராங்கோடு சேர்ந்து முன்னால் ஓடியிருக்கிறது. கிராங்கின் பின் அந்தத் துளையைத் துரத்திப் பிடிக்க ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது. 113 × 1/3 = 37 2/3; அதோடு 2 1/3 சேர்த்தால் அதுவும் 40தான். ஆகவேதான் ஒரு துளியும் மீதமில்லாமல் முடிந்தது. 113 பல் சக்கரம் வெட்டச் சொல்லியிருந்தால் இதே 56க்கு 24தான் மாட்டியிருப்போம்.

எத்தனை ஐட்லர் என்பதைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடுத்துக்கொண்ட எண் பெரிதானால் ஒன்று, சிறிதானால் இரண்டு என்று பாடப் புத்தகங்களில் போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட அமைப்புக்குப் பொருந்தும். வெர்ம் (கிராங்க் சுழற்றும், ஹெட்டுக்குள் இருக்கும் திருகு) இடக்கை மரையா வலக்கை மரையா என்பதையும், பிளேட்டுக்குப் போகும் பெவல் கியர் (கூம்பு வடிவப் பல் சக்கரம்) எந்தப் பக்கம் கடிக்கிறது என்பதையும் பொறுத்து அது தலைகீழாகிவிடும். நான் மாணவர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கிராங்கின் பின்னை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்று, கண்ணைப் பிளேட்டின் மேல் வை. எதிரே வருகிறதா, கூடவே ஓடுகிறதா? உங்கள் வேலைக்கு எதிரே வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னோர் ஐட்லரைச் சேருங்கள். ஐட்லருக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது, திசை மட்டுமே மாறும்.

நைலான் வட்டைத் தொடாமலேயே சோதிக்கவும் முடியும். ஹெட்டின் உடம்பிலும் கிராங்க் கையிலும் நேர்நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மூன்று முறை இன்டெக்ஸ் செய்யுங்கள். பிளேட் நின்றிருந்தால் கிராங்க் சரியாகக் கோட்டுக்குத் திரும்பி வரும். 127க்கான அமைப்பு சரியென்றால் கோட்டை எட்டுவதற்குச் சுமார் 20 டிகிரி முன்னதாகவே நின்றுவிடும். 22 டிகிரி தாண்டிப் போனால் மறுபடியும் 113தான். ஒரு நிமிட வேலை. இரண்டு மணி நேரம் மிச்சமாகும்.

அம்பத்தூர் மில்லர் எழுதியது:

பயிற்றுநர் ஐயா சொன்னதற்கு மேல் திசையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான் கேட்க நினைப்பது, 127 பல் சக்கரம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பது.

உங்கள் பிளேட்டின் பெரிய வட்டம் 49 என்றால் அதே பிளேட்டில் பெரும்பாலும் 37, 47 துளை வட்டங்களும் இருக்கும். 37 பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் 37 வட்டத்தில் 3 இடைவெளியும். 47 பல்லுக்கு 47 வட்டத்தில் 40 இடைவெளி. இரண்டும் சிம்பிள் இன்டெக்ஸிங், சேஞ்ச் கியரைத் தொடவே வேண்டாம். 40/127 என்பதை 100/127 × 40/100 என்று பிரித்து, அந்த 100/127 வர வேண்டிய இடத்தில் 37/47 போட்டால் 100 மி.மீ. நீளத்துக்குச் சுமார் 0.02 மி.மீ. பிழை வரும். அதுவும் அதிகம் என்றால் 63/80 இருக்கிறது, 2 மி.மீ. பிட்ச்சுக்கு 63/80 × 40/100 என்று மாட்டினால் 2.00025 மி.மீ. கிடைக்கும், அதாவது 100 மி.மீ.க்கு 0.0125 மட்டுமே. 63 பல்லுக்கு டிபரன்ஷியல் தேவைப்பட்டாலும், 60 எடுத்துக்கொண்டு 48க்கு 24 போட்டால் முடிந்துவிடும். போல்ட்டும் நட்டும் வெட்டுகிறவருக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. பழைய லீட் ஸ்குரூவின் தேய்மானமே இதைவிட அதிகமாக இருக்கும். 127 பல் சக்கரம் அளவிலும் பெரியது என்பதால் உங்கள் லேத்தின் குவாட்ரன்டுக்குள் (சேஞ்ச் கியர்களைத் தாங்கும் கை) அடங்குமா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) என்ன? செட்டில் உள்ள சக்கரத்தின் வெளி விட்டத்தை அளந்தீர்களா, அல்லது கண்ணால் பார்த்து முடிவு செய்தீர்களா?

கணபதி லேத் பட்டறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தேன்; கிராங்க் கோட்டைத் தாண்டித்தான் போய் நின்றது. இரண்டாவது ஐட்லரைச் சேர்த்த பிறகு கோட்டுக்கு முன்னால் நிற்கிறது. கழித்தல் குறியைக் காகிதத்திலேயே விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

37, 47 யோசனை எனக்குத் தோன்றவே இல்லை; அவற்றையும் ஒரு நாள் வெட்டி வைத்துக்கொள்வேன். ஆனால் இப்போது கையில் உள்ள வேலை 600 மி.மீ. நீள ட்ரெபிசாய்டல் ஸ்குரூ (சரிவக வடிவ மரை கொண்ட திருகு). 37/47 போட்டால் முழு நீளத்துக்கு 0.13 மி.மீ. அளவுக்குப் போய்விடுகிறது, லீட் ஸ்குரூவின் தேய்மானத்தோடு இதையும் சேர்க்க விரும்பவில்லை. குவாட்ரன்டில் இடம் இருக்கிறது, வட்டமான அட்டை ஒன்றை வெட்டி வைத்துப் பார்த்துவிட்டேன். செட்டில் உள்ள 60 பல் சக்கரத்தின் வெளி விட்டம் 93 மி.மீ. வருகிறது, ஆகவே மாட்யூல் 1.5 என்று எடுத்துக்கொண்டேன். கட்டர் 2ஆம் எண் வாங்கப் போகிறேன், 55 முதல் 134 பல் வரை என்று பட்டியலில் இருக்கிறது.

அம்பத்தூர் மில்லர் எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீங்கள் பார்த்த பட்டியல் டயமீட்ரல் பிட்ச் (டிபி, பல்லின் அளவை அங்குலத்தில் சொல்லும் முறை) கட்டர்களுக்கானது. அதில் 1ஆம் எண் 135 பல் முதல் ராக் (நேரான பல் சட்டம்) வரை, 8ஆம் எண் 12, 13 பல்லுக்கு. மாட்யூல் கட்டர்களில் எண் வரிசை பொதுவாக நேர் எதிர்: 1ஆம் எண்தான் 12, 13 பல்லுக்கு, 55 முதல் 134 வரை 7ஆம் எண். மாட்யூல் 1.5இல் 2ஆம் எண் கேட்டால் 14 முதல் 16 பல் வரை வெட்டும் கட்டரைத் தருவார்கள். அதை வைத்து 127 பல் வெட்டினால் பல்லின் வடிவமே கெட்டு, சக்கரம் கத்திக்கொண்டே ஓடும். எண்ணை நம்பாமல், கட்டரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பல் வரம்பைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிரஷர் ஆங்கிள் (பல்லின் பக்கச் சாய்வுக் கோணம்) 20 டிகிரியா என்பதும் அங்கேயே இருக்கும். உங்கள் செட் பழையது என்றால் 14½ டிகிரியாக இருக்கவும் கூடும். கட்டரை செட்டில் உள்ள பெரிய சக்கரத்தின் பல் இடுக்கில் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள்.

93 மி.மீ. என்பது மாட்யூல் 1.5க்குச் சரியான கணக்கு. 16 டிபி ஆக இருந்திருந்தால் 98.4 வந்திருக்கும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர் எழுதியது:

கட்டர் எண்ணைப் பற்றி மில்லர் சொன்னது மிக முக்கியமானது. நான் பார்த்த வீணான பிளாங்குகளில் பாதி அந்த வகைதான்.

இனி வெட்டும் வேலை. பிளாங்கின் வெளி விட்டம் 193.5 மி.மீ., பல்லின் ஆழம் 3.375 மி.மீ. (20 டிகிரி முழு ஆழப் பல் என்று கொண்டால்). இவ்வளவு பெரிய மெல்லிய வட்டு, கட்டர் தொட்டதும் தகரம் போல அதிரும். மாண்ட்ரலில் (பிளாங்கைக் கோத்துப் பிடிக்கும் தண்டு) பிளாங்கின் இருபுறமும் பெரிய வாஷர் வைத்து இறுக்குங்கள். விளிம்புக்கு அடியில், கட்டருக்குக் கிட்டே, ஒரு சிறு ஸ்குரூ ஜாக்கை முட்டுக் கொடுங்கள். மாண்ட்ரல் டேப்பர் உள்ளதென்றால் தடித்த முனை ஹெட் பக்கம் இருக்கட்டும், வெட்டும் விசையும் அந்தப் பக்கமே தள்ளட்டும்; இல்லாவிட்டால் பாதி வேலையில் பிளாங்க் தளர்ந்துவிடும். ஜாக்கை ஒவ்வொரு பல்லுக்கும் தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கும், சலிப்பான வேலைதான்.

கிராங்கை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். துளையைத் தாண்டிவிட்டால் அப்படியே திரும்பி வந்து பின்னைத் துளையில் விடாதீர்கள். அரைச் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்து விடுங்கள், வெர்மின் பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) எப்போதும் ஒரு பக்கமாகவே இருக்க வேண்டும். செக்டர் ஆர்மை (எண்ண வேண்டிய துளைகளுக்கு எல்லை காட்டும் இரண்டு கைகள்) வைக்கும்போது பின் நிற்கும் துளையை எண்ணாதீர்கள். 13 இடைவெளி என்றால் இரண்டு ஆர்ம்களுக்கும் இடையே 14 துளைகள் தெரிய வேண்டும். டிபரன்ஷியலில் பிளேட்டே நகர்ந்துகொண்டிருப்பதால் கண் ஏமாறும். பிளேட்டைப் பார்க்காமல் ஆர்மை மட்டும் பாருங்கள்.

நான்கைந்து பல்லுக்கு ஒரு முறை ஆழத்தைச் சரிபார்ப்பதை விட, 16 இடுக்கு முழு ஆழத்துக்கு வெட்டியதும் டிஸ்க் மைக்ரோமீட்டரால் (தட்டு வடிவ முனைகள் கொண்டது) 15 பற்களைச் சேர்த்து அளந்து பாருங்கள். பேக்லாஷ் இல்லாத கணக்குக்கு 66.88 மி.மீ. வரும். 66.8 சுற்றி வைத்தால் மற்றச் சக்கரங்களோடு இறுக்கமில்லாமல் ஓடும். கூடுதலாக இருந்தால் டேபிளைக் கொஞ்சம் ஏற்றி, வெட்டிய இடுக்குகளிலேயே மறுபடியும் ஓட்டுங்கள்.

லேசர் வரைபடக்காரர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஹெட்டுக்கு சேஞ்ச் கியர் இல்லாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வழி. 127 துளை வட்டம் ஒன்றைக் கேட் (CAD) என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து, லேசர் வெட்டுக் கடையில் 3 மி.மீ. தகட்டில் வெட்டி வாங்கி, பிளேட்டாக மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பல்லுக்கும் 40 இடைவெளி. துளைகள் துல்லியமாக இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். 80 மி.மீ. ஆரத்தில் ஒரு துளை 0.2 மி.மீ. விலகியிருந்தாலும் வெர்ம் அந்தப் பிழையை நாற்பதில் ஒரு பங்காக்கிவிடும். இந்தச் சக்கரத்தின் பிட்ச் வட்டத்தில் (பற்கள் கடிக்கும் வட்டம்) அது 0.006 மி.மீ. மட்டுமே. துளையைச் சற்றுச் சிறியதாக வெட்டச் சொல்லிப் பிறகு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போடுங்கள், லேசர் துளை ஒரு பக்கம் அகன்றிருக்கும். கிராங்க் கை 80 மி.மீ. வரை எட்டாவிட்டால் அதற்கு மட்டும் ஒரு நீட்டிப்புத் துண்டு செய்ய வேண்டியிருக்கும்.

கணபதி லேத் பட்டறை எழுதியது:

7ஆம் எண் கட்டர் வாங்கினேன்; பக்கத்தில் 55–134 என்று பொறித்திருக்கிறது, செட்டின் 100 பல் சக்கரத்தில் வைத்துப் பார்த்தபோது வெளிச்சம் கசியவில்லை. இரண்டாவது நைலான் வட்டில் 127 கோடு வந்துவிட்டது, நானும் என் உதவியாளரும் தனித்தனியே எண்ணினோம். இன்று காலை வார்ப்பிரும்பில் 16 இடுக்கு வெட்டி அளந்ததில் 66.97 வந்தது. டேபிளை 0.2 ஏற்றி அதே 16ஐ மறுபடி ஓட்டியதில் 66.83. மீதி 111 இடுக்கு நாளைக்கு. ஜாக்கைப் பற்றி ஐயா சொன்னது உண்மை, தளர்த்தி இறுக்கி இப்போதே மணிக்கட்டு வலிக்கிறது.