பீட்டில் எஞ்சின்: வீட்டுக் குழுவில் ஒரு காலை

நான்: என் 1964 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு விலைக்கு எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. 1500 சிசி, சிங்கிள் போர்ட் (ஹெட்டுக்கு ஒரே காற்று வழி). "நன்றாக ஓடியது, அப்படியே இறக்கி வைத்தேன்" என்கிறார் விற்பவர். இன்று பார்க்கப் போகிறேன்.

மாமா: விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

பெரியப்பா: வண்டியில் இருக்கிறதா, தரையிலா?

நான்: தரையில். பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: அப்போ ஓடவிட்டுக் கேட்க வழியில்லை, கைதான் சொல்ல வேண்டும். கிராங்க் புல்லியை, அதுதான் பெல்ட் ஓடும் சக்கரத்தை, இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழு. டக் டக்கென்று சத்தம் வந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜும் எடுத்துப் போ. அசைவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை சரி. 0.15 தாண்டினால் தேய்ந்தது, எஞ்சின் கூட்டையே பிரிக்க வேண்டிவரும். ஃப்ளைவீல் (கிராங்கின் மறுமுனையில் உள்ள பல் சக்கரம்) இறுக்கி மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு.

மாமா: எஞ்சின் நம்பர் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே அடித்திருக்கும். நம்பரை அராவின தடம் இருந்தால் தொடாதே.

பெரியப்பா: ஃப்ளைவீல் பல்லையும் எண்ணு. 109 என்றால் 6 வோல்ட் காலத்தது, 130 என்றால் 12 வோல்ட். உன் வண்டி கியர்பாக்ஸ் கூட்டுக்குள் 130 உரசும்.

அக்கா: பல் எண்ண என்னைக் கூட்டிப் போயிருக்கலாமே 😄

மாமா: தானம் வந்த மாடு இல்லையே, தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்.

நான்: வந்துவிட்டேன். புல்லி 0.10. நம்பர் தெளிவாக இருக்கிறது. அவரிடம் இருந்த கியர்பாக்ஸில் பூட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றி நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள் அழுத்தம்) பார்த்தோம். 115, 118, 70, 112 psi.

பெரியப்பா: 70 எது? மூன்றாவது சிலிண்டரா?

நான்: ஆமாம்! எப்படித் தெரியும்?

பெரியப்பா: அந்தக் காலத்து ஃபேன் கூட்டில் ஆயில் கூலர் அதற்கு வரும் காற்றை மறித்து நிற்கும். சூட்டில் முதலில் வேகிறது அதுதான். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்தார்கள். சரி, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்.

நான்: 72.

பெரியப்பா: ஏறவில்லை என்றால் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை, வால்வில். ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல். மாட்டேன் என்றால் வந்துவிடு.

அம்மா: சாப்பிட்டாயா?

நான்: (புகைப்படம்) கழற்றிவிட்டார். எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் நகத்தால் கிள்ளியது போல ஒரு துண்டு காணோம். பிளக் ஓட்டைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே விரிசல் இல்லை. சிலிண்டர் உள்சுவரில் கோடு இல்லை.

மாமா: இனி "நன்றாக ஓடியது" விலைக்குப் பேசாதே. வால்வு வேலையைக் கழித்துக் கேள்.

நான்: கேட்டேன். யோசிக்கிறார்.

அக்கா: பல்?

நான்: 130 😔

பெரியப்பா: பரவாயில்லை, கூட்டின் உட்புறத்தைக் கொஞ்சம் அராவினால் போதும். ஸ்டார்ட்டர் வேறு தேட வேண்டும். கிரைண்டர் என்னிடம் இருக்கிறது.

நான்: ஒத்துக்கொண்டார். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்க ஆள் வேண்டும்.

மாமா: எனக்கு முதுகு வலி.