தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டுக்கு என்ன செடி வைக்கலாம்?

புதுமனை:
வணக்கம். எங்கள் வீட்டு முன்புறம் 20 அடி நீளம், 8 அடி அகலத்துக்கு வெறும் மண்ணாகக் கிடக்கிறது. காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 4 வரை வெயில் நேராக அடிக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அங்கே வெயில் அரை மணி நேரம் எட்டிப் பார்த்தால் அதிகம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். சில சமயம் பத்து நாள் வரை வீடு பூட்டியே இருக்கும். போன வருடம் ஆசை ஆசையாக 12 ரோஜாத் தொட்டிகள் வைத்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை, மனசே விட்டுப்போனது. அழகாகவும் இருக்க வேண்டும், எங்கள் கவனக்குறைவையும் தாங்க வேண்டும். அப்படி எந்தச் செடிகள் இருக்கின்றன? வீட்டில் மூன்று வயதுப் பையனும் ஒரு நாய்க்குட்டியும் உண்டு.

கிணற்றடி:
யோசிக்கவே வேண்டாம், அரளி வையுங்கள். எந்த வெயிலையும் தாங்கும், வருடம் முழுக்கப் பூக்கும். கூடவே நித்தியகல்யாணி. அது தானே விதை போட்டுத் தானே முளைத்துக்கொள்ளும்.

வேலியோரம்:
கிணற்றடி சொன்ன இரண்டும் கெட்டியான செடிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்கும். நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, அடீனியம் மூன்றும் அதே குடும்பத்துச் செடிகள். அவற்றையும் வாயில் வைக்கக் கூடாது. பையன் வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம் தங்கை.

நான் பதினாறு வருடமாக வீட்டைச் சுற்றிச் செடி வளர்க்கிறேன். ஆரம்பத்தில் "எந்தச் செடி சாகாது" என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் கேட்க வேண்டியது "என் மண் எப்படி" என்பது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நல்ல மண். அசையாமல் நின்றால், வறட்சி தாங்கும் செடிகள்தான் அங்கே முதலில் வேர் அழுகும். இதை இரண்டு மூன்று இடத்தில் செய்து பாருங்கள்.

உங்கள் வெயிலுக்கு என் முதல் தேர்வு காகிதப்பூ. அதில் நாம் பூ என்று ரசிக்கும் நிறமெல்லாம் பூவை ஒட்டிய இலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அந்த இலைகள் காகிதம் மாதிரி இருப்பதால் சீக்கிரம் வாடுவதில்லை, செடி நாள்கணக்கில் நிறமாக நிற்கும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தண்ணீரைக் குறைக்கக் குறைக்கத்தான் பூக்கும். நான் பாசத்தில் முதல் இரண்டு வருடம் தினமும் ஊற்றினேன். கொடி கொடியாக இலைதான் வந்தது. ஒரு கோடையில் ஒரு மாதம் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது வேலி முழுக்க ஊதா நிறம், தெருமுனையிலேயே தெரிந்தது. அன்றைக்கு வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இன்னொன்று, இடைவெளி. நான் ஐந்து காகிதப்பூக்களை இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். மூன்றாம் வருடம் முட்புதராகி, மூன்றை வேரோடு எடுக்க வேண்டியதாயிற்று. வளர்ந்து நின்ற செடிகளை வெட்டுவது சுலபமான காரியமில்லை. உங்கள் 20 அடிக்கு இரண்டு போதும், ஆளுக்கொரு கோடியில். முள் இருக்கிறது, பையன் ஓடும் பாதையை விட்டுத் தள்ளியே வையுங்கள். நடுவில் டிசம்பர் பூவைக் கொத்தாக வைக்கலாம். ஊதா, வெள்ளை இரண்டும் கலந்து வைத்தால் அவ்வளவு அழகு. இட்லிப்பூவும் நல்லதுதான், ஆனால் அதற்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். துரந்தாவும் ரங்கூன் மல்லியும் பார்க்கக் கண்ணைப் பறிக்கும், ஆனால் கத்தரிக்கோலோடு பின்னாலேயே அலைய வேண்டும். உங்களுக்கு ஒத்துவராது.

மண்வெட்டி:
சந்துக்கு என் பரிந்துரை ஆஸ்பிடிஸ்ட்ரா. அகலமான கரும்பச்சை இலை, நிழலிலேயே வாழும், மெதுவாகத்தான் பெருகும், நாய்க்கும் கெடுதல் இல்லை. மருள் (பாம்புச் செடி என்பார்களே, அது) இதைவிடக் கெட்டி, ஆனால் நாய்க்குட்டி அதைக் கடித்தால் வாந்தி எடுக்கும். உயரமான தொட்டியில் வைத்தால் பரவாயில்லை.

புதுமனை:
குழி தோண்டிப் பார்த்தேன் அக்கா. இரண்டு இடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிட்டது. கேட்டை ஒட்டிய மூலையில் மட்டும் மறுநாள் காலையிலும் பாதிக் குழி தண்ணீர் நிற்கிறது. தோண்டும்போது சிமென்ட் கட்டியும் செங்கல் தூளுமாக வந்தது. அங்கேதான் இட்லிப்பூ வைக்க நினைத்திருந்தேன்.

வேலியோரம்:
நல்ல வேளை, இப்போதே தெரிந்தது. வீடு கட்டும்போது கொட்டிய கழிவு அது. சிமென்ட்டில் சுண்ணாம்பு இருப்பதால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இட்லிப்பூவின் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று, இலை மஞ்சளாகிவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் சரியாகாது. அந்தக் கட்டிகளை முடிந்தவரை அள்ளி எடுத்துவிட்டு, மட்கிய எரு கலந்த நல்ல மண்ணைப் போட்டுக் கல்வாழை வையுங்கள். ஈரம் நின்றாலும் கவலைப்படாது, குழந்தைக்கும் நாய்க்கும் ஆபத்தில்லை. இட்லிப்பூ ஆசையாக இருந்தால் தொட்டியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் வருடத்தை மட்டும் எனக்காகக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் இறங்கும்வரை தண்ணீர் வேண்டும், இதைச் சொல்லாமல்தான் பலரும் செடி விற்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மண் காய்ந்ததைப் பார்த்து வாரம் ஒருமுறை, ஊற்றும்போது ஆழமாக. தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விடுங்கள். மூடாக்கு தண்டில் பட்டால் அழுகல் வரும்.

புதுமனை:
மூலையிலிருந்து இதுவரை ஏழு கூடை கட்டி அள்ளிவிட்டோம், இன்னும் வருகிறது. மழை தொடங்கும் வாரத்தில் நடலாம் என்று இருக்கிறோம், அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கேயும் போகிற வேலை இல்லை. காகிதப்பூ இரண்டுக்கும் இடத்தைக் குச்சி நட்டுக் குறித்துவிட்டேன் அக்கா. இரண்டுக்கும் நடுவில் 14 அடி வருகிறது. டிசம்பர் பூவை எத்தனை அடிக்கு ஒன்றாக வைக்க?

வேலியோரம்:
மூன்றடிக்கு ஒன்று. முதல் வருடம் வெறிச்சென்று தெரியும், நடுவில் எதையும் சேர்க்காதீர்கள்.