கண்மாய் டீம் குரூப்: ஞாயித்துக்கிழமைக்குப் பிட்ச் வேணும்

வியாழன், மாலை 5:52

கேப்டன்: (புகைப்படம்)

கேப்டன்: எல்லாரும் பாருங்க. நம்ம பிட்ச்சோட லட்சணம்

சுண்டல்: யாத்தே

சுண்டல்: இதுல நாத்து நடலாம்

கேப்டன்: செவ்வாக்கிழமை மழை ஈரத்துல யாரோ கரம்பை மண்ணு அள்ள டிராக்டர ஏத்திருக்காங்க. குறுக்க ரெண்டு தடம். மடை முனை ஸ்டம்புல இருந்து 16 அடில ஒண்ணு, 21 அடில ஒண்ணு. மூணு விரக்கடை ஆழம். இப்ப காஞ்சு கல்லாட்டம் கெடக்கு

மெக்கானிக் அண்ணே: சரியா குட் லெங்த்துல, பவுலர் பந்து குத்துற எடத்துல

சுண்டல்: டிரைவர் நல்ல பவுலரா இருப்பாரு

கேப்டன்: 16 டீமும் பணம் கட்டியாச்சு. ஞாயிறு காலைல ஆறரைக்கு மொத மேட்ச்

டெய்லர்: யாரு டிராக்டரு

மெக்கானிக் அண்ணே: ஊர்ல கரம்பை அடிக்கிற டிராக்டர் எத்தன இருக்கு

டிராக்டர் மாமா: என்னையச் சொல்றீங்களா

மெக்கானிக் அண்ணே: பேரே சொல்லலையே மாமா

டிராக்டர் மாமா: நான் மேல் மடைப் பக்கம்தான் அள்ளுனேன். பர்மிட் இருக்கு

சுண்டல்: 🤐

மாலை 6:20

பி.டி. சார்: எல்லோருக்கும் மாலை வணக்கம். படம் பார்த்தேன். அவசரப்பட்டு மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டாம். போன வருடம் கரை முனையில் அப்படித்தான் மூடினோம், மூன்றாவது மேட்சிலேயே அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. டயர் அழுத்திய அடிமண் வழுவழுவென்று இறுகியிருக்கும், மேலே போடுகிற மண் அதில் ஒட்டாது. முதலில் தடத்தின் அடியையும் இரண்டு ஓரத்தையும் கடப்பாரையால் கொத்திக் கரடுமுரடாக்க வேண்டும். இரண்டு அங்குலம் கொத்தினால் போதும். பிறகு தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரம் ஊற விட வேண்டும். குடத்தைக் கவிழ்த்து ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும்.

பி.டி. சார்: அடுத்து மண். நம் பிட்ச் புற்றுமண்ணில் போட்டது. பக்கத்தில் கிடக்கிற கரம்பையை அள்ளிப் போட்டால் அது காயும்போது ஒரு அளவில் சுருங்கும், புற்றுமண் வேறு அளவில் சுருங்கும். ஓரத்தில் வெடிப்பு விடும். பந்து அந்த வெடிப்பில் பட்டால் ஒன்று முட்டிக்குக் கீழே போகும், இல்லையென்றால் மூக்குக்கு வரும். அதனால் புற்றுமண்தான்.

கேப்டன்: எவ்வளவு வேணும் சார்

பி.டி. சார்: ஒரு தடம் 10 அடி நீளம், 1 அடி அகலம், கால் அடி ஆழம். இரண்டும் சேர்த்து 5 கன அடி. திமிசுக்கட்டையால் குத்தினால் மண் இறங்கும், அதனால் ஆறரை கன அடி வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் சட்டியில் 20 சட்டி. உடைத்து, சல்லடையில் சலித்து, வேர், கல் இல்லாமல்.

சுண்டல்: 20 சட்டியா

சுண்டல்: சார் நான் பவுலர்

மெக்கானிக் அண்ணே: நீ ரெண்டு வைடு போட்டுட்டு உக்காந்துக்கிறவன். சட்டி தூக்கு

டெய்லர்: புத்துமண்ணு எங்க எடுக்கப் போறீங்க. அம்மன் கோயில் புத்துல கை வச்சுராதீங்க. எங்கம்மா செவ்வா வெள்ளி பால் ஊத்துற புத்து

கேப்டன்: இல்லண்ணே. தோப்புக்குப் பின்னாடி ஒடஞ்ச கரையான் புத்து ஒண்ணு இருக்கு

டெய்லர்: அதுலயும் மொதல்ல கம்ப விட்டுத் தட்டிப் பாருங்க. உள்ள ஆளு இருக்கும்

துபாய் மச்சான்: ஹாய் எல்லாரும். ஜெர்சி என்னாச்சு

டெய்லர்: தச்சாச்சு மாப்ள. நம்பர் ஒட்டணும்

துபாய் மச்சான்: 7 எனக்கு வச்சிருக்கீங்கல்ல

சுண்டல்: நீங்க வரவே இல்லையே மச்சான்

துபாய் மச்சான்: துணிக்கு காசு யாரு குடுத்தா

டெய்லர்: இதுவரைக்கும் 7 கேட்டது ஆறு பேரு. 15 ஜெர்சிலயும் 7 ஒட்டவா

இரவு 7:05

பி.டி. சார்: தொடர்கிறேன். மண்ணின் பதம் முக்கியம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். அந்த உருண்டையை இடுப்பு உயரத்தில் இருந்து போட்டால் இரண்டு மூன்றாக உடைய வேண்டும். சப்பென்று தரையில் ஒட்டினால் ஈரம் அதிகம், தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. அப்படியே மொத்தமாகக் கொட்டாமல் ஓர் அங்குலம் ஓர் அடுக்காக, ஒவ்வோர் அடுக்குக்கும் திமிசுக்கட்டையால் குத்த வேண்டும். கடைசி அடுக்கு கால் அங்குலம் மேடாக நிற்கட்டும், உருட்டும்போது இறங்கிவிடும்.

மெக்கானிக் அண்ணே: சிமெண்ட் ஒரு சட்டி கலந்தா என்ன சார்

பி.டி. சார்: வேண்டாம் தம்பி. அந்த இடம் மட்டும் பந்தை எகிற வைக்கும். மெல்லிசாகப் போட்ட சிமெண்ட் ஸ்பைக் பட்டதும் சில்லு சில்லாகும். மணலும் வேண்டாம், பிடிப்பே இருக்காது.

மெக்கானிக் அண்ணே: ம்

கேப்டன்: அப்ப நாளைக்கு காலைல கொத்து, சாயங்காலம் மண்ணு. ராத்திரிக்கு ஈரச் சாக்கு போட்டு மூடணும். சனி காலைல உருட்டணும்

கேப்டன்: உருட்டத்தான் ஒண்ணும் இல்ல

சுண்டல்: போன தடவ ட்ரம் இருந்துச்சே

மெக்கானிக் அண்ணே: ட்ரம்ம நீங்க உருட்டுன லட்சணத்துல ரெண்டு கோடு விழுந்துச்சு ஞாபகம் இருக்கா

பி.டி. சார்: கோடு விழுந்தது ட்ரம்மின் அமைப்பால். 200 லிட்டர் ட்ரம்மில் நடுவே இரண்டு வளையம் புடைத்து இருக்கும், முதலில் அதுதான் தரையில் படும். தண்ணீர் நிரப்பினாலும் 220 கிலோதான் வரும். பெரியவர் களத்தில் கிடக்கிற உருளைக்கல் ஒன்றரை அடி விட்டம், இரண்டரை அடி நீளம். அதாவது 4.4 கன அடி. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ என்று வைத்தால் 330 கிலோ. ட்ரம்மை விட விட்டமும் நீளமும் குறைவு, எடை அதிகம். அதனால் மண்ணில் விழுகிற அழுத்தம் ரொம்ப அதிகம்.

சுண்டல்: சார் கல்ல எப்ப அளந்தீங்க

டெய்லர்: பெரியவருகிட்ட யாரு கேக்குறது

டெய்லர்: கேப்டன் கேக்கணும். அவருக்குத்தான பெரியப்பா

கேப்டன்: நான் கேக்க மாட்டேன்

டிராக்டர் மாமா: வரப்பு விசயம் இன்னும் முடியலையா

கேப்டன்: மாமா இது கிரிக்கெட் குரூப்

டிராக்டர் மாமா: சரி சரி. ஒண்ணரை அடி வரப்புக்கு மூணு வருசம்

மெக்கானிக் அண்ணே: மாமா விடுங்க

கேப்டன்: கீப்பர் எங்க

கீப்பர் தம்பி: இருக்கேன் சித்தப்பா. டியூசன்ல

கேப்டன்: உங்க தாத்தாகிட்ட நீ கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத

கீப்பர் தம்பி: நான் கேட்டா யாரு அனுப்புனானுதான் மொதல்ல கேப்பாரு

இரவு 8:31

சுண்டல்: கல்லு வரட்டும். ரூல்ஸ் போடுங்க. போன வருசம் மாதிரி செமி ஃபைனல்ல அடிதடி வேணாம்

கேப்டன்: 5 ஓவர். ஒருத்தருக்கு ஒரு ஓவர். எல்.பி.டபிள்யூ. கிடையாது. கரை மேல ஏறினா 4, கரையத் தாண்டினா 6

மெக்கானிக் அண்ணே: 6 ஓவர்னு சொல்லித்தான காசு வாங்குனோம்

கேப்டன்: 16 டீம் நாக் அவுட்னா 15 மேட்ச்ணே. 5 ஓவர் போட 20 நிமிசம். ரெண்டு டீமுக்கு 40, நடுவுல 5. மேட்சுக்கு முக்கா மணி நேரம். 15 மேட்சுக்கு 11 மணி 15 நிமிசம். ஆறரைக்கு ஆரம்பிச்சா முடிய 5:45. சாப்பாட்டு இடைவேளையே இல்ல. 6 ஓவர் போட்டா ஃபைனல் டார்ச்சு லைட்டுலதான்

மெக்கானிக் அண்ணே: எல்லா மேட்சும் டயத்துக்கு முடிஞ்சிரும்ல? அம்பயரோட சண்டை போட எவ்வளவு வச்சிருக்க

சுண்டல்: 😂😂 மேட்சுக்கு 10 நிமிசம்

டெய்லர்: பந்து

கேப்டன்: இன்னிங்ஸுக்கு ஒண்ணு, 30. ஆறு பந்து பாக்ஸ் 5. கூட ஒரு பாக்ஸ் வாங்கிருங்க. லெக் சைடு கருவேலத்துக்குள்ள போனா முள்ளு குத்தி காத்து எறங்கிருது. பாத்தா நல்லாத்தான் இருக்கும், குத்துனா எந்திரிக்காது

பி.டி. சார்: ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அம்பயர் பந்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். தோள் உயரத்தில் இருந்து கல் மேல் போட்டு, புதுப் பந்தோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். மடைத் தண்ணீரில் விழுந்த பந்தையும் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. மேல் ரோமம் நீர் குடித்துக் கனமாகிவிடும்.

கேப்டன்: சனிக்கிழமை அந்த ஓரக் கருவேலத்த வெட்டிருவோம். அருவா ரெண்டு வேணும். செருப்போட வாங்க

சுண்டல்: கேட்ச் ரூல் சொல்லுங்க. புடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் கிராஸ் பண்ணிட்டா புதுசா வர்றவன் அந்தப் பக்கம்தான

பி.டி. சார்: இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் அது மாறிவிட்டது. கேட்ச் அவுட் என்றால் ஓடிக் கடந்தாலும் கடக்காவிட்டாலும், புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் மட்டும் வழக்கம்போல முனை மாறும். மதியத்துக்கு மேல் இதைச் சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டனையும் நிற்க வைத்துச் சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக் அண்ணே: மன்கட்? பந்து போடாமலே, கிரீஸ விட்டு வெளிய நிக்கிற எதிர் முனைக்காரன பவுலர் ஸ்டம்ப அடிச்சு அவுட்டாக்குறது

டெய்லர்: ஆரம்பிச்சிட்டான்

கேப்டன்: அண்ணே வேணாம்

மெக்கானிக் அண்ணே: ரூல்ஸ்தான கேட்டேன். போன வருசம் ஃபைனல்ல உன் மச்சினன் என்னைய அடிச்சது சரியா தப்பா

துபாய் மச்சான்: 2019ல அஸ்வின் பட்லர அடிச்சாரே. அவுட்டுதான்

பி.டி. சார்: அவுட்தான். 2022-இல் அதை முறைகேடு என்ற பகுதியில் இருந்து எடுத்து ரன் அவுட் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் பவுலரின் கை உச்சிக்கு வந்து, பந்தை விட வேண்டிய கட்டத்தைத் தாண்டிய பிறகு அடித்தால் செல்லாது. ஓடிவந்து, முழு ஆக்சன் காட்டி, ஏமாற்றி அடிப்பதற்குத் தடை அதனால்தான்.

மெக்கானிக் அண்ணே: அவன் கைய முழுசா சுத்துனான் சார்

கேப்டன்: சுத்தலண்ணே

மெக்கானிக் அண்ணே: சுத்துனான்டா

டெய்லர்: வீடியோ இருக்கு. போடவா

கேப்டன்: போடாதீங்க

சுண்டல்: மாங்காவுக்கு என்ன பண்றது? கிழக்க இருந்து வர்ற டீம்ல ஒருத்தன் கல்லெறியிற மாதிரி எறியிறான்

மெக்கானிக் அண்ணே: லெக் அம்பயர் நோ பால் குடுக்கணும்

பி.டி. சார்: முதல் மேட்சிலேயே சொல்லிவிட வேண்டும். பையன்களை அசிங்கப்படுத்தவும் கூடாது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வந்தவர்தான். 2015-இல் ரஞ்சியில் ஆடிய உடனேயே அவர் ஆக்சன் மேல் புகார் வந்தது. திருத்திக்கொண்டு 2020-இல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடினார்.

துபாய் மச்சான்: பிரிஸ்பேன் டெஸ்ட் 👏

சுண்டல்: அப்ப நானும் மாங்கா போடவா

மெக்கானிக் அண்ணே: நீ மொதல்ல பிட்ச்சுக்குள்ள போடு

இரவு 9:14

சுண்டல்: அண்ணே என் பேட்டு அடி வெடிச்சதுக்கு ஃபெவிக்விக் போட்டேன். மறுபடி விட்டுருச்சு

மெக்கானிக் அண்ணே: அது காஞ்சா கண்ணாடி மாதிரிடா. ரெண்டு அடில விட்டுரும். அத சுரண்டி எடு. மரத்துக்குப் போடுற வெள்ளைப் பசை வாங்கு. வெடிப்ப லேசா விரிச்சு பழைய ஏ.டி.எம். கார்டு நுனியால உள்ள வரைக்கும் தள்ளு. சைக்கிள் ட்யூப இழுத்து இறுக்கிச் சுத்து. 24 மணி நேரம் தொடாத. அப்பறம் நூல் கட்டி மேல டேப்பு. இன்னைக்குப் போட்டாத்தான் ஞாயித்துக்கிழமைக்கு ஆகும்

சுண்டல்: ட்யூப்?

மெக்கானிக் அண்ணே: கடைக்கு வா. பழைய பாக்கி 60-ஐயும் எடுத்துட்டு வா

சுண்டல்: நெட்வொர்க் சரியில்ல

கேப்டன்: கல்லு என்னாச்சு

கீப்பர் தம்பி: சித்தப்பா

கீப்பர் தம்பி: ஆச்சிகிட்ட கேட்டேன். தாத்தா காலைல 5 மணிக்கே கெணத்துக்குப் போயிருவாரு, 9 மணிக்குத்தான் வருவாரு, அதுக்குள்ள உருட்டிட்டு வச்சிருங்கன்னு சொல்லுச்சு

டெய்லர்: ஆச்சி ஆச்சிதான்

பி.டி. சார்: இது சரியில்லை. சொல்லாமல் எடுக்கக் கூடாது. நான் வேண்டுமானால் வந்து பேசுகிறேன்.

டெய்லர்: சார் நீங்க பேசப் போனா கன அடி சொல்லுவீங்க. கல்லே வராது

கேப்டன்: அச்சு இருக்கா? அச்சு இல்லாம கல்ல இழுக்க முடியாது

கீப்பர் தம்பி: இரும்பு அச்சு தாத்தா கட்டிலுக்கு அடில கெடக்கு

சுண்டல்: அதுக்கு மேலதான் அவரு படுத்துருக்காரு

மெக்கானிக் அண்ணே: அச்சு நான் தர்றேன். ஒண்ணேகால் இஞ்சு பைப்பு கடைல கெடக்கு. கல்லு ஓட்டை எவ்வளவுன்னு அளந்து சொல்லு. ரெண்டு பக்கமும் சங்கிலி மாட்டி நாலு பேரு இழுத்தா போதும். டிராக்டர்ல இழுக்க வேணாம், திரும்பவும் தடம் விழும்

டிராக்டர் மாமா: நான் ஒண்ணும் வர்றேன்னு சொல்லலையே

பி.டி. சார்: இழுக்கும்போது ஓரத்தில் இருந்து நடுவுக்கு வாருங்கள். மெதுவாக. கல்லில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்தி ஒரு மணி நேரம் காய விடுங்கள். கட்டைவிரலால் அமுக்கினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். அதன் பிறகு கோடு. ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி, ஸ்டம்பில் இருந்து கிரீஸ் 4 அடி. மூலைமட்டத்துக்கு 3, 4, 5 அடி கயிறு வைத்துப் பாருங்கள். போன வருடம் கரை முனைக் கிரீஸ் ஒரு சாண் கோணலாக இருந்தது.

டெய்லர்: அது போட்டது யாரு

கேப்டன்: ஸ்டம்பு குழிக்கு இன்னைக்கே கடப்பாரைல குத்தி தண்ணி ஊத்தி வைங்க. காஞ்ச மண்ணுல அடிச்சா ஸ்டம்பு நுனி பிளந்துருது

கேப்டன்: அப்ப சனி காலைல 5:15 களத்துல. யாரு யாரு

டெய்லர்: 👍

மெக்கானிக் அண்ணே: வர்றேன். உன் மச்சினன் வந்தா வரல

துபாய் மச்சான்: 👍

சுண்டல்: நீங்க எதுக்கு மச்சான் 👍

இரவு 10:02

கீப்பர் தம்பி: சித்தப்பா ஓட்டை அளந்துட்டேன். ஒண்ணரை இஞ்சு

மெக்கானிக் அண்ணே: சரியா இருக்கும்

கீப்பர் தம்பி: இன்னொண்ணு. கல்லுல கன்னுக்குட்டி கட்டிருக்கு

கேப்டன்: அவுத்து வேற எடத்துல கட்டு

கீப்பர் தம்பி: தாத்தா கட்டுனது. வேற எடத்துல கட்டுனா கத்தும். கத்துனா தாத்தா கெணத்துல இருந்தே வந்துருவாரு

டெய்லர்: கன்னையும் கண்மாய்க்குக் கூட்டிட்டு வாங்க

சுண்டல்: பிட்ச்ல சாணி போட்டா

பி.டி. சார்: சாணி தெளிப்பது ஒருவகையில் நல்லதுதான். புழுதி அடங்கும். ஆனால் அதற்கும் ஒரு பதம் இருக்கிறது

சுண்டல்: சார் குட் நைட்

கேப்டன்: கன்ன யாரு பிடிச்சுக்கிறது, அத மட்டும் சொல்லுங்க