பழைய ஆழமான விளிம்புச் சக்கரமும் மெல்லிய புதிய சக்கரமும் ஒரே பாயிண்ட்டில் ஓட என்ன மாற்றலாம்?

கேள்வி

வணக்கம். என் எச்ஓ அளவு மாதிரி ரயில் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. உள்ள கேஜில், இருவகைச் சக்கரங்கள் ஓடுகின்றன. பழைய பெட்டிகளின் சக்கர விளிம்பு ஏறக்குறைய 1.2 மி.மீ. ஆழமுடையது, பாதை பிரியும் பாயிண்ட்டில், தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராசிங்கைக் கடக்கும்போது அது விளிம்பு செல்வதற்கான பள்ளத்தின் அடியில் உரசிப் பெட்டியையே தூக்கிவிடுகிறது. புதிய பெட்டிகளுக்கு 2.24 மி.மீ. அகலமுள்ள கோட் 88 சக்கரங்களைப் (அந்த எண், அகலத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் குறிப்பது) பொருத்தினேன். அவை கிராசிங் இடைவெளியில் இறங்கி ஏறுகின்றன. சில வேளை கிராசிங்கின் கூர்முனையான மூக்கின் தவறான பக்கம் புகுந்து தடம் புரள்கின்றன. பாயிண்ட்டை அராவி இரண்டுக்கும் பொருந்தச் செய்ய முடியுமா?

முதல் பதில்

அரத்தை எடுக்குமுன் காலிப்பரை எடுங்கள், நண்பரே. தாங்கள் சொல்பவை மூன்று தனித்தனிப் பழுதுகள். பெட்டி எழும்புவது பள்ளத்தின் ஆழம் போதாததால். சக்கரம் இறங்குவது இடைவெளி அகன்றிருப்பதால். தவறான பக்கம் புகுவது செக் ரயில், அதாவது கிராசிங்குக்கு எதிர்ப்புறத் தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டி நிற்கும் காப்புத் துண்டு, தன் வேலையைச் செய்யாததால். மூன்றாவதை முதலில் கவனியுங்கள். செக் ரயில் ஒரு சக்கரத்தின் முதுகைப் பிடித்து நிறுத்துவதால்தான் அதே அச்சின் மறுபக்கச் சக்கரம் மூக்கில் மோதாமல் விலகிச் செல்கிறது. சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.4, விளிம்பின் தடிமன் 0.76 என்றால் கூட்டுத்தொகை 15.16 மி.மீ. செக் ரயிலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பள்ளம் 1.5 மி.மீ. இருந்தால் 16.5இல் மீதி 15.0 மட்டுமே, விளிம்பு மூக்கில் இடிக்கும். பள்ளம் 1.25 ஆனால் மீதி 15.25, தாராளமாகக் கடக்கும்.

இரண்டாம் பதில்

அதற்கு 0.25 மி.மீ. தடிமனுள்ள ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டையைச் செக் ரயிலின் பள்ளத்தை நோக்கிய பக்கத்தில் ஒட்டி, இரு முனைகளையும் சாய்வாகச் சீவிவிட்டால் போதும். சக்கரம் இறங்குவதைத் தடுக்க, கிராசிங் பள்ளத்தின் அடியிலும் ஸ்டைரீன் இட்டு விளிம்பே தாங்கி ஓடும்படி செய்யலாம். புதிய சக்கரங்களின் தரநிலை வடிவமான ஆர்பி-25 விளிம்பின் ஆழம் 0.64 மி.மீ. என்பதால் அந்த ஆழத்தை மட்டும் விடுங்கள். விளிம்பு பிளாஸ்டிக்கில் ஏறும் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு மின்தொடர்பு அறும் என்பதை இன்ஜினுக்காக நினைவில் வையுங்கள்.

மூன்றாம் பதில்

பட்டை ஒட்டுவதை ஏற்கிறேன். பள்ளத்தை நிரப்புவதை ஏற்க இயலவில்லை. நிரப்பினால் பழைய சக்கரம் தண்டவாளத்தைவிட்டு அரை மில்லிமீட்டருக்கு மேல் எழும்பும். நிரப்பாமல் இடைவெளியைக் குறுக்கலாம் என்றாலும் கணக்கு இடம் தராது. சக்கரம் இறங்காதிருக்கப் பள்ளம் அதன் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கோட் 88க்கு அது 1.12 மி.மீ. இருபுறப் பள்ளங்களையும் 1.1 ஆக்கினால் நடுவில் 14.3 மி.மீ. நிற்கும், உட்பக்க இடைவெளி 14.0 கொண்ட பழைய சக்கரங்கள் அங்கே இறுகிக்கொள்ளும். ஆகவே இரண்டு வகையையும் 2.79 மி.மீ. அகலமுள்ள கோட் 110 சக்கரங்களாக மாற்றுங்கள். அவற்றுக்கு வழக்கமான 1.27 பள்ளமே போதும். பெட்டியை நேர்முனையிலிருந்து பார்த்தால் சக்கரம் சற்றுப் பருத்துத் தெரியும் என்பது உண்மைதான். பக்கவாட்டில் அந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அளந்தபோது செக் ரயில் பள்ளம் 1.48 இருந்தது, பழைய சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 14.05. பட்டை ஒட்டியபின் புதிய பெட்டிகள் ஒருமுறைகூடத் தடம் புரளவில்லை. பழைய பெட்டிகளுக்குக் கோட் 110 சக்கரங்களைப் பொருத்துகிறேன். மெல்லியவற்றின் சிறு இறக்கத்தை, அவையும் மாற்றப்படும்வரை அப்படியே விட்டுவைக்கிறேன்.