மறு: போட்டுலிசத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'உணவு நஞ்சாதல்' என்றே விட்டுவிடலாமே.

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொன்னால் நம்மவர்கள் வாந்தி, பேதி, காய்ச்சலைத்தான் எதிர்பார்ப்பார்கள். போட்டுலிசம் என்பது ஒரு நுண்ணுயிரியின் நச்சு நரம்பைத் தாக்கித் தசைகளை முடக்கும் நோய். இதில் பெரும்பாலும் காய்ச்சலே இருக்காது. வழக்கமாக, சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்புறம் தளர்ச்சி கழுத்து, தோள், கை என்று இறங்கி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். முறிமருந்து மேற்கொண்டு பரவாமல்தான் தடுக்கும், ஏற்கெனவே விழுந்த தசையை எழுப்பாது. அதனால் பெயரைக் கேட்டதுமே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தோன்ற வேண்டும்.

என் முன்மொழிவு: இறங்குவாதம். இளம்பிள்ளை வாதம், பக்கவாதம் என்று பழகிய காதுக்கு இது புதிதல்ல. நரம்பைத் தாக்கும் இன்னொரு நோயான கியான்-பாரேயில் தளர்ச்சி பொதுவாகக் காலில் தொடங்கி மேலே ஏறும், இதில் முகத்தில் தொடங்கி இறங்கும். காயத்தின் வழியாக வருவதையும், ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் குழந்தைக்கு வரக்கூடியதையும் இதே பெயரில் அடக்கலாம். லத்தீன் மூலச்சொல்லுக்குத் தொத்திறைச்சி என்று பொருள். அதைப் பார்த்துத் 'தொத்திறைச்சி நோய்' என்பது இங்கே உதவாது. பெங்களூரில் நான் துண்டறிக்கை எழுதுவது, அவரைப் பருவத்தில் உரித்த பருப்பைத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து வைக்க நினைக்கும் வீடுகளுக்காக.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இந்த நுண்ணுயிரியின் ஸ்போர், அதாவது கடுஞ்சூழலைத் தாங்க அது எடுக்கும் உறங்குநிலை வடிவம், கொதிநீரில் சாகாது. அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பம் தேவை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றில்லாத, புளிப்பில்லாத பாட்டிலுக்குள் ஸ்போர் முளைத்து நச்சைச் சுரக்கும். 2015இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், வெறும் கொதிநீர் முறையில் பாட்டிலில் அடைத்த உருளைக்கிழங்கால் செய்த சாலட்டைச் சாப்பிட்ட 29 பேருக்கு இந்நோய் வந்தது, ஒருவர் இறந்தார். எலுமிச்சை ஊறுகாய்க்கு இந்தப் பயம் இல்லை: புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்குக் கீழே இருந்தால், அதாவது புளிப்பு அதிகமாக இருந்தால், ஸ்போர் முளைக்காது.

ஸ்போருக்கு 'வித்து' வேண்டாம். அவரைக்கொட்டை பற்றிய அறிக்கையில் யாரும் குழம்பிப்போவார்கள். 'ஸ்போர்' என்றே இருக்கட்டும். 'நச்சு' தனிச்சொல்லாக நிற்க வேண்டும்: 10 நிமிடம் நன்றாகக் கொதித்தால் நச்சு சிதையும், ஸ்போர் தப்பிக்கும்.

'இறங்குவாதம்' ஒத்துவராது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். மருத்துவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.